கயிறு மேடம் கட்டிய ஆறு அறைகள்

கட்டாத அறைக்குள் நுழைவதற்கும் அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். தரையில் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றின் அடியில் சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கும். அவ்வளவுதான் அறை. சுவர் என்று அவர் சொல்லும் இடத்தில் புல் முளைத்திருக்கும், கூரை என்று சொல்லும் இடத்தில் வெறும் வானம். ஆனாலும் வாசலுக்கென்று விட்ட மூன்றடி இடைவெளி வழியாகத்தான் உள்ளே போவார், அதே வழியாகத்தான் வெளியே வருவார். மறதியாக யாராவது கயிற்றைத் தாண்டிவிட்டால் போச்சு. "சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்களே, வாசல் அங்க இருக்குல்ல?" என்று பிடித்துக்கொள்வார். தலையில் மண்கூடையோடு வருகிறவர்களும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

உள்ளே போனதும் கட்டில் வரப்போகிற இடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொள்வார். ஐம்பதைத் தொடப்போகும் கட்டட வரைபடக்காரர், பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை போல இருப்பவர், பட்டப்பகலில் வெட்டவெளியில் இப்படிக் கிடப்பதைப் புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பழகியவர்கள் கண்டுகொள்வதில்லை. கண்ணை மூடியபடியே, "இந்தப் பக்கம் தலை வச்சா காலைல வெயில் கண்ணைக் குத்தும். ஜன்னலை ஒரு முழம் தள்ளணும்" என்பார். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி குறித்துக்கொள்வார். வேலையாட்கள் அவருக்குக் கயிறு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "பரவாயில்லை, இதைவிட மோசமா வச்சிருக்கலாம்" என்று விட்டுவிட்டார்.

கவலைப்படுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் கவலையை மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவார்கள். இவர் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறார். நீல அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் 'என்னவெல்லாம் தப்பாகலாம்' என்று தலைப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோட்டு. திராட்சைத் தோட்டத்து வேலைக்கான நோட்டில் நூற்றுப் பதினான்கு கவலைகள் இருந்தன. குளியலறைத் தரை வழுக்கினால்? கதவுச் சந்தில் தேள் வந்தால்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் இருட்டில் சுவிட்சை எப்படிக் கண்டுபிடிப்பார்? அறுபத்திரண்டாவது கவலை, விருந்தாளி அறைக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்பது. அதைச் சோதித்துப் பார்க்க உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவர், தாழ்ப்பாள் இறுகி நாற்பது நிமிடம் நிஜமாகவே மாட்டிக்கொண்டார். வேலையாட்கள் கடைசியில் கதவைக் கழற்றித்தான் எடுத்தார்கள். வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தவர் முகத்தில் ஒரு திருப்தி. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார்.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நிதானமான மனிதர். நாள் முழுக்கப் பிறர் கண்ணையே பார்த்துப் பார்த்து எதற்கும் பதறாத பக்குவம் வந்துவிட்டது. "நூத்திப் பதினாலு எழுதிட்டே. நடக்கப்போறது நூத்திப் பதினஞ்சாவதுதான்" என்று மனைவியைச் சீண்டுவார். அவர் சிரிக்க மாட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு போய், அந்த நூற்றுப் பதினைந்தாவது எதுவாக இருக்கும் என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவார்.

யாராவது அவரிடம் "அறை நல்லா வந்திருக்குங்க" என்று சொன்னால் அதையும் லேசில் விடமாட்டார். "எது நல்லா வந்திருக்கு? குறிப்பா சொல்லுங்க" என்பார். பாராட்ட வந்தவர் ஏண்டா வாயைக் கொடுத்தோம் என்று முழிப்பார். இப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை, ஒரே ஒருவரிடம், 'நான் சொல்றேன்' என்று உறுதி கொடுத்தார். அந்த ஒருவர் அவருடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. இருபது வருடமாகத் திராட்சைத் தோட்டம் நடத்துகிறார். குரலும் பெரிது, கையும் பெரிது, முடிவெடுப்பதில் சூறாவளி. இரண்டு வருடம் தொடர்ந்து ஆலங்கட்டி மழை காய்களைச் சிதைத்த பிறகு, தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஆறு அறைகள் கட்டுவது என்று முடிவு செய்தார். கண்ணாடிச் சுவர், ஏ.சி., படுக்கையிலிருந்து பார்த்தால் கொடிகள். பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தார். கயிறு மேடம் அந்தப் படத்தை மூக்குக்கருகில் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் வெயில் எப்படி இறங்கும், அதை விரட்ட எத்தனை மெஷின் ஓட வேண்டும், கிணற்று மோட்டாருக்கே மின்சாரம் பற்றாத இடத்தில் அதற்கெல்லாம் எங்கே போவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"அப்ப வர்றவங்க வெந்து சாகறதா?" என்று நாத்தனார் கேட்டார்.

"மெஷினே இல்லாம தூங்கலாம் அண்ணி. நான் சொல்றேன்."

சொன்ன மாத்திரத்தில், அவசரப்பட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான். நாத்தனாரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வருகிறவர்களுக்காக அச்சடித்த சீட்டில் 'இயந்திரக் குளிர் இல்லாத இயற்கை அறைகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

கொடி வளராத கல்லுமேட்டைத்தான் அறைகளுக்கு எடுத்துக்கொண்டார் கயிறு மேடம். நல்ல மண்ணில் ஒரு சாண் கூட வீணாகக் கூடாது என்பதில் அவர் கறார். மழைநீருக்குக் குட்டை வெட்டினார்கள். அந்த மண்ணையே அடுக்கடுக்காகக் கொட்டி இடித்துச் சுவராக எழுப்பினார்கள். ஒன்றரை அடி கனம். சுவரின் உச்சியில் இரண்டு வரிசை மட்டும் மண் கல். முன்பு கொடிகளைத் தாங்கி நின்ற பழைய மரத்தூண்கள் உத்தரமாயின. கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. குளித்த தண்ணீர் சரளைக்கல்லிலும் கோரைப்புல்லிலும் வடிந்து வேலியோர மரங்களுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் சுத்தமானதுதானா என்று நாத்தனார் முகம் சுளித்தபோது, கயிறு மேடம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவிக் காட்டினார். நாத்தனார் இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

எல்லாவற்றுக்கும் உயிர்நாடி காற்று. மண் சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மேற்குச் சரிவிலிருந்து காற்று இறங்கி வந்து அதைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். கயிறு மேடம் பதினொரு நாள் அந்தக் கல்லுமேட்டில் மூங்கில் கழி நட்டு, துணி நாடா கட்டி, சாயங்காலங்களில் கயிறுகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தார். நாடாக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. காற்று தரையோடு தரையாக வந்து அவர் தலைமுடியைக் கலைத்தது. படுத்திருப்பவர் உடம்பில் நேராகப் படட்டும் என்று மேற்குச் சுவரில் ஜன்னல்களைத் தாழ்வாக வைத்தார். உள்ளே வந்த காற்று சூட்டோடு வெளியேறக் கிழக்குச் சுவரின் உச்சியில் துளைகள் விட்டார்.

மேஸ்திரி ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "மேடம், இந்த மேற்குப் பக்கமும் மேல ரெண்டு ஓட்டை விட்டா என்ன? கல்லு வைக்கறப்பவே விட்டுட்டா சுலபம்."

"சாரல் அடிக்கும் மேஸ்திரி. படுக்கை நனைஞ்சிடும். முப்பத்தேழாவதா எழுதி வச்சிருக்கேன், காட்டவா?"

"வேணாங்க, வேணாங்க" என்று மேஸ்திரி கல்லை வைத்து அடைத்துவிட்டார்.

பதினான்கு மாதத்தில் ஆறு அறைகளும் எழுந்தன. வேலையாட்களின் வண்டி நாலு மணிக்குக் கிளம்பும்; கயிறு மேடமும் அதிலேயே ஏறிப் போய்விடுவார். கூரை போட்டு முடித்த மாதம் மட்டும் இரண்டு சாயங்காலம் தங்கிப் பார்த்தார். காற்று ஜன்னல் வழியாக நுழைந்து, மேல் துளை வழியாக ஓடியது. கைக்குட்டை பறந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டதாகக் கணவர் சொல்கிறார்.

வெயில் ஏறியது. அறைகளைப் பெருக்கி, படுக்கை போட்டு, முதல் விருந்தாளிகளுக்கு நாளும் குறித்தாயிற்று. மூன்று ஜோடிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சாயங்காலம் எல்லாரும் அறைகளைப் பார்க்கப் போனார்கள். நாத்தனார் மூன்றாம் அறைக் கட்டிலில் உட்கார்ந்தார். கயிறு மேடம் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்து ஆணியில் மாட்டினார். மணி ஐந்தரை. ஆறு. ஆறேகால். ஜன்னல் திரை அசையவில்லை. வெப்பமானி முப்பத்துநாலில் நின்றது, இறங்குகிற வழியாக இல்லை. நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. காத்து வரும், காத்து வரும்னியே. எங்க?"

கயிறு மேடம் வெப்பமானியைக் கழற்றி, உதறி, மறுபடி மாட்டினார். நாத்தனார் எழுந்து ஜன்னலைக் கையால் சாண் போட்டு அளந்தார். பிறகு வாசலில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இவ்ளோ சின்ன ஜன்னலா வரைபடத்துல இருந்தது? வேலை மிச்சம்னு குறைச்சுக் கட்டிட்டீங்களா?"

"வரைபடத்துல உள்ளதுதாம்மா" என்றார் மேஸ்திரி.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க. அடுத்த வியாழக்கிழமை ஏ.சி.க்காரரை வரச் சொல்றேன். ஆறு அறைக்கும் போட்டுடலாம். புதுக் கிடங்கு வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீங்க வர வேணாம்."

புதுக் கிடங்கு என்பது ஒரு வருட வேலை. மேஸ்திரியும் அவர் ஆட்கள் பன்னிரண்டு பேரும் அதை நம்பித்தான் வேறு எங்கும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தார்கள். மேஸ்திரி கயிறு மேடத்தை ஒரு முறை பார்த்தார். ஜன்னல் ஒரு விரல்கூடக் குறையவில்லை என்பது கயிறு மேடத்துக்குத் தெரியும். அளந்து பார்த்தவரே அவர்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார். அப்படியானால் காற்று ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு அவரிடம் பதில் இல்லை. வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது மேஸ்திரி அவருக்கு எப்போதும் போல முன் இருக்கையை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அது அவரைக் குத்தியது.

அதற்குப் பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விசித்திரம் என்னவென்றால், வழக்கமாகப் படும் கவலை ஒன்றையும் அவர் படவில்லை. நோட்டைத் திறக்கவில்லை. எரிவாயுவை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வரவில்லை. மகள் விடுதியிலிருந்து போன் செய்யத் தாமதமானதற்குப் பத்து முறை கூப்பிடவில்லை. கணவருக்குத்தான் பயம் வந்தது.

"என்னாச்சு உனக்கு? ரெண்டு நாளா ஒண்ணுமே கேக்கலையே. கடைக் கதவைப் பூட்டினேனான்னுகூடக் கேக்கலை."

"பூட்டியிருப்பீங்க."

"அக்கா ஏதாவது சொன்னாளா?"

"அண்ணி என்னைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பேருந்து பிடித்துத் தோட்டத்துக்குப் போனார். கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு. அதுவரை அறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய துணி நாடாக்களை ஜன்னலில் கட்டினார். அவை செத்துத் தொங்கின. கல்லுமேட்டின் விளிம்பில் கட்டினார். அங்கும் அப்படியே. ஊரில் காற்றே நின்றுவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தால் வேலியோரத்து உயரமான மரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மேலே காற்று அடிக்கிறது. கீழே மட்டும் வரவில்லை. தாழ்வான ஜன்னல், தரையோடு வந்த காற்று, பறந்த கைக்குட்டை என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். கணக்கு எங்கே உதைக்கிறது என்று பிடிபடவில்லை.

கொடிகளைக் கவாத்து செய்கிறவர், அதாவது வருடா வருடம் பழைய கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்கிற தோட்டத்து ஆள், மேற்குச் சரிவில் கடைசி வரிசையில் வேலையாக இருந்தார். கயிறு மேடம் நாடாவும் கையுமாகக் கொடிகளுக்கு நடுவே புகுந்து வருவதைப் பார்த்துச் சற்று ஒதுங்கி நின்றார். கம்பிகளில் படர்ந்த கொடிகள் தலைக்கு மேல் உயர்ந்து, இலையோடு இலை பின்னி, இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அந்தப் பக்கம் தெரியாதபடி அடைத்திருந்தன. அறைகளுக்கு மேற்கே இப்படி ஒன்பது வரிசை. வரிசையின் மேற்குப் பக்கம் நாடாவைப் பிடித்தார்; துடித்தது. கொடியைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்து பிடித்தார், விழுந்துவிட்டது. மறுபடியும் அந்தப் பக்கம் போனார். மறுபடியும் இந்தப் பக்கம் வந்தார்.

"என்னங்க தேடறீங்க?" என்றார் கவாத்துக்காரர்.

"காத்தை."

"இலை வந்துட்டா காத்து மேல போயிடுங்க. கீழ வராது. கவாத்து பண்ணி மொட்டையா நிக்கறப்பதான் தரையில அடிக்கும்."

கயிறு மேடம் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். கயிறுகளுக்குள் படுத்துக் கிடந்த பதினொரு நாளும் கொடிகள் மொட்டையாக நின்ற மாதம். கூரை போட்டுவிட்டுச் சோதித்ததும் அடுத்த வருடத்து அதே மாதம். இலை இருந்த மாதங்களில் நாலு மணிக்கே வண்டியேறிவிட்டார்.

"இது எனக்கு யாருமே சொல்லலையே."

"நீங்க கேக்கலையேங்க" என்றார் அவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல். பிறகு குனிந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மேஸ்திரி கேட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. மேற்குப் பக்கம் மேலே ரெண்டு ஓட்டை. விட்டிருந்தால் இலைக்கு மேலே வருகிற காற்று நேராக உள்ளே வந்திருக்கும். அடைக்கச் சொன்னது யார்? முப்பத்தேழாம் நம்பரைக் காட்டவா என்று கேட்டது யார்? மேஸ்திரி நாத்தனார் முன்னால் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, நடத்துநர் "வர்றீங்களா இல்லையாம்மா?" என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எழுந்தார்.

தப்பு தெரிந்துவிட்டது. சொல்வதுதான் பாக்கி. அது ஒன்றும் சுலபமாக இல்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு, அவர் குரல் கேட்டதும் பேரப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். இப்படி இரண்டு முறை. ஏ.சி. வந்தால் அறைகள் எப்படியும் குளிர்ந்துவிடும், விருந்தாளிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள், யாரும் எதையும் தோண்டப் போவதில்லை. அப்படியும் நினைத்துப் பார்த்தார். மேஸ்திரிக்கு வேறு இடத்தில் வேலை பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தார். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வியாழக்கிழமை விடிந்தது.

ஏ.சி.க்காரர் மத்தியானம் வருவதாகச் சொல்லி, சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வந்தார். துளை போடும் மெஷினை மூன்றாம் அறையில் இறக்கி வைத்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "மண்ணா? வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். நாத்தனார் நடுவில் நின்றார். மேஸ்திரி தன் ஏணிகளையும் சாமான்களையும் எடுத்துப் போக வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். ஏ.சி.க்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, சுவரில் ஒரு வட்டம் போட்டார்.

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்றார் கயிறு மேடம்.

"இனிமே என்ன?"

"ஜன்னலை மேஸ்திரி குறைக்கலை. நான் வரைஞ்சதைத்தான் கட்டியிருக்கார். தப்பு என்னோடது."  நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னார். "கொடியில இலை இல்லாத மாசத்துல வந்து காத்து பாத்தேன். இலை வந்தா காத்து மேல போயிடும்னு எனக்குத் தெரியலை. மேல ஓட்டை விடலாம்னு அவர் அப்பவே சொன்னார். நான்தான் அடைக்கச் சொன்னேன். சாரல் அடிக்கும்னு பயந்துட்டேன்."

 ஏ.சி.க்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஊர்ல இருக்கற கவலையெல்லாம் படுவியே" என்றார் நாத்தனார். "என் தோட்டத்துக் கொடியில இலை வரும்னு மட்டும் கவலைப்படலையா நீ?"

"படலை அண்ணி."

நாத்தனார் வாசல் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"அவங்க சொல்லுவாங்கன்னு இருந்தேம்மா" என்றார் மேஸ்திரி. 

கயிறு மேடம் மேற்குச் சுவரின் உச்சியைக் காட்டினார்.  "மேல் வரிசையில ஒரே ஒரு கல்லை எடுத்துப் பாத்துடலாம் அண்ணி. காத்து வந்தா, ஆறு அறையிலயும் நாளைக்குள்ள எடுத்துட்டு மூடி போட்டுடலாம். வரலைன்னா இவர் ஓட்டை போடட்டும், நான் குறுக்க வரமாட்டேன்."

"மழை பெஞ்சா?"

"சாரல் அடிக்கும். கொஞ்சம் நனையும்."

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு மேடம்" என்று ஏ.சி.க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் மணி நேரம் உக்காருங்க" என்றார் நாத்தனார். அது உத்தரவு. ஏ.சி.க்காரர் மெஷின் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி ஏணியைக் கொண்டுவந்து மேற்குச் சுவரில் சாய்த்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். கயிறு மேடம் கையை நீட்டினார். "குடுங்க. நானே எடுக்கறேன்."

"மேடம், பழக்கம் இல்லாம..."

"எங்க அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மேஸ்திரி நாத்தனாரைப் பார்த்தார், பிறகு உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். கயிறு மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். முப்பது வருடமாகச் சுவர்களை வரைகிறவர் ஒரு சுவரையும் அடித்ததில்லை. முதல் அடி வழுக்கிக் கட்டைவிரலில் விழுந்தது. "கல்லு மேல அடிக்காதீங்க, இணைப்புல வைங்க, சந்துல" என்று மேஸ்திரி கீழேயிருந்து சொன்னார். இணைப்பில் வைத்தார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அடியில். கை கடுத்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் "போதும், இறங்கு" என்று சொல்லவில்லை. கல் ஆடத் தொடங்கியது. சுத்தியலை இடுப்பில் செருகி, உளியைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளங்கையால் வெளிப்பக்கமாகத் தள்ளினார். அது நகர்ந்தது, நின்றது, இன்னொரு தள்ளலில் வெளியே போய்த் தரையில் விழும் சத்தம் கேட்டது.

அதே நேரத்தில் துளையிலிருந்த மண் அத்தனையும் உள்பக்கமாக அவர் முகத்தில் வந்து அடித்தது. கண், மூக்கு, வாய், தலைமுடி, எல்லாம் மண். உளி நழுவிக் கட்டிலில் விழுந்தது. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"வருதா?" என்று நாத்தனார் கீழேயிருந்து கேட்டார்.

கயிறு மேடம் கண்ணைத் திறக்க முடியாமல், ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஏணிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி, குருடர் போல அதைத் தடவிக் கண்டுபிடித்து, நாத்தனார் ஏறுவதற்காக இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.